ஆலோசனைப் பெட்டியா, 15 சதவீத நேரமா, அப்ரைசலா: புதுமைக்கு எதில் தொடங்குவது?

இருநூறு பேர் வேலை செய்யும் ஒரு பம்ப், மோட்டார் பாகங்கள் தயாரிக்கும் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். கோவையில் கணபதி, பீளமேடு, அரசூர் பக்கம் இப்படிப்பட்டவை நிறைய உண்டு. முதலாளி ஒருநாள் எச்.ஆர். மேலாளரைக் கூப்பிட்டு, "நம்ம ஆளுங்ககிட்ட இருந்து புதுசா எதுவும் வர மாட்டேங்குது, ஏதாவது பண்ணுங்க" என்கிறார். அந்த வருடத்துக்குக் கொஞ்சம் பணமும் ஒதுக்குகிறார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய அந்தப் பணம் போதாது.

மேலாளரின் மேசைக்கு வழக்கமாக மூன்று யோசனைகள் வரும். யோசனை சொல்பவருக்குப் பரிசு தரும் சஜஷன் திட்டம் ஒன்று. வேலை நேரத்தில் ஒரு பங்கைச் சொந்த முயற்சிக்கு ஒதுக்கித் தருவது இன்னொன்று. வருடாந்திர வேலை மதிப்பீடான அப்ரைசலை மாற்றி, புதுமைக்கும் மதிப்பெண் போடுவது மூன்றாவது. நான்காவதாக ஒன்று உண்டு, அதை யாரும் எழுதிக்கொண்டு வருவதில்லை: யோசனை சொல்வதால் யாருடைய கூலியும் வேலையும் போகாது என்கிற உத்தரவாதம். தொழிற்சாலை எச்.ஆர். வேலையிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த நான்காவதில்தான் தொடங்க வேண்டும். மற்ற மூன்றும் இதற்கு மேல்தான் நிற்கும்.

ஒரு மெஷின் ஷாப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். ரேடியல் டிரில்லில் ஒரு பிராக்கெட்டுக்குத் துளை போடும் வேலை. பீஸைப் பிடித்துவைக்கக் கம்பெனி கொடுத்த ஃபிக்ஸ்சரில் இரண்டு கிளாம்ப். ஒவ்வொரு பீஸுக்கும் ஸ்பேனரால் இரண்டு நட்டையும் இறுக்கி, துளை போட்டபின் மறுபடி தளர்த்த வேண்டும். அந்த மெஷினில் இருந்த ஆபரேட்டர், ஸ்கிராப்பில் கிடந்த துண்டுகளைக் கொண்டு ஒரு கேம் லீவர் செய்து வைத்திருந்தார். கையால் ஒரு திருப்பு திருப்பினால் பீஸ் பிடித்துக்கொள்ளும், திருப்பிவிட்டால் விடும். துளை போடும் நேரத்தைவிட மாட்டிக் கழற்றும் நேரம்தான் அதிகமாக இருந்த வேலை அது. லீவர் வந்தபிறகு அந்த நேரத்தில் பெரும்பகுதி மிச்சம்.

ஷிப்ட் முடிந்ததும் அவர் அந்த லீவரைக் கழற்றித் துணியில் சுற்றி லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார். அடுத்த ஷிப்ட்காரர் வந்து ஸ்பேனரை எடுப்பார். ஏன் இப்படி என்று கேட்டேன். "தெரிஞ்சா ரேட்டக் கொறச்சுப்போடுவாங்க சார்" என்றார். அவருக்கு பீஸ் ரேட், அதாவது செய்து முடித்த ஒவ்வொரு பீஸுக்கும் இவ்வளவு என்று கூலி. எண்ணிக்கை திடீரென்று கூடினால் ஆபீசில் இருந்து ஸ்டாப் வாட்சோடு ஆள் வரும், பீஸுக்கான காசு இறங்கும், கடைசியில் அதே கூலிக்கு அதிகம் உழைக்க வேண்டும். அதனால் அவர் கம்பெனி விதித்த அளவான நார்முக்குக் கொஞ்சம் மேலே எண்ணிக்கையை நிறுத்திக்கொண்டு, மிச்ச நேரத்தை மூச்சுவிட வைத்துக்கொண்டார். அந்தக் கம்பெனியின் கேன்டீன் வாசலில் ஆலோசனைப் பெட்டியும் இருந்தது, சிறந்த யோசனைக்குப் பரிசும் அறிவித்திருந்தார்கள்.

இது நம் ஊர்க்காரர்களின் குணம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டொனால்ட் ராய் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1944-45-இல் பல மாதம் ஒரு மெஷின் ஷாப்பில் ரேடியல் டிரில் ஆபரேட்டராகவே வேலை பார்த்தார். 1952-இல் அவர் எழுதிய கட்டுரையில் இதே கதைதான் இருக்கிறது. ஒரு அளவுக்கு மேல் சம்பாதித்தால் ரேட்டை வெட்டுவார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த அளவைத் தொட்டதும் கையை நிறுத்திக்கொண்டார்கள். ஆக, யோசனை இல்லாதது பிரச்சினை இல்லை. யோசனையை வெளியே விட்டால் நஷ்டம் யாருக்கு என்பதுதான் பிரச்சினை. கூலிக் கணக்கு அதற்கு எதிராக இருக்கும்வரை பரிசுத் தொகையைக் கூட்டிப் பயனில்லை. ஒருமுறை கிடைக்கும் இரண்டாயிரம் ரூபாய்க்காக ஒவ்வொரு மாதமும் குறையப்போகும் கூலியை யார் ஒப்புக்கொள்வார்கள்?

பீஸ் ரேட்டை வைத்துக்கொண்டே இதைச் சரிசெய்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் வெல்டிங் கருவிகள் செய்யும் லிங்கன் எலெக்ட்ரிக் அதற்குப் பழைய உதாரணம். தொழிலாளி அதிகம் சம்பாதிக்கிறார் என்பதற்காக மட்டும் ரேட்டைக் குறைப்பதில்லை என்பது அங்கே விதி. வேலை செய்யும் முறையோ மெஷினோ மாறினால்தான் ரேட் மாறும். 1934-இலிருந்து வருட இறுதி போனஸ் கொடுத்தார்கள். அந்த போனஸுக்கான மதிப்பீட்டில் உற்பத்தி அளவு, தரம், நம்பகத்தன்மை ஆகியவற்றோடு 'யோசனைகளும் ஒத்துழைப்பும்' என்பதும் ஒரு தலைப்பு. அதாவது யோசனையால் ரேட் மாறினாலும், சொன்னவருக்கு வருடக் கடைசியில் அது வேறு வழியில் திரும்பி வரும். 1958-இல் நீண்டகால ஊழியர்களுக்கு வேலை உத்தரவாதத்தையும் கொள்கையாகவே ஆக்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் ஆர்டர் சரிந்தபோது ஆட்களை வெளியே அனுப்பாமல், தொழிற்சாலை ஆட்களில் முன்வந்தவர்களை வெல்டிங் மெஷின் விற்கவே அனுப்பினார்கள்.

இதைவிடத் தெளிவான ஒப்பீடு கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலை. ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே நடத்திய கார் ஆலையில் வேலைக்கு வராதவர்களும் சண்டையும் அதிகம், தரம் மோசம், 1982-இல் மூடிவிட்டார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜி.எம்.மும் சேர்ந்து நும்மி என்ற பெயரில் அதே இடத்தைத் திறந்தார்கள். எடுத்த தொழிலாளர்களில் பெரும்பாலானோர் பழைய ஆலையில் இருந்தவர்களே, தொழிற்சங்கமும் அதே சங்கம். சில வருடங்களிலேயே அது அமெரிக்காவின் நல்ல தரமுள்ள கார் ஆலைகளில் ஒன்றானது. மாறியவை பல. எண்பதுக்கும் மேல் இருந்த வேலைப் பிரிவுகளை மிகச் சிலவாகச் சுருக்கினார்கள். ஒரு வேலையை எந்த வரிசையில், எத்தனை நொடியில் செய்வது என்பதைத் தொழிலாளர் குழுக்களே ஸ்டாப் வாட்சைக் கையில் எடுத்து அளந்து எழுதின. கோணிப்போன ஒரு வேலைமுறையைத் திருத்தும் அதிகாரம் அந்த வேலையைச் செய்பவருக்கே வந்தது.

நும்மி அந்தச் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் என்னைக் கவர்ந்த வரி வேறொன்று. நிறுவனத்தின் எதிர்காலத்துக்கே ஆபத்து என்கிற அளவுக்கு நிலைமை மோசமானால் தவிர ஆட்குறைப்பு இல்லை. அதற்கு முன்னால் மேலாளர்களின் சம்பளத்தைக் குறைப்போம், வெளியே கொடுத்த வேலைகளை உள்ளே கொண்டுவருவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1988-இல் விற்பனை படுத்தது. தொழிலாளர்கள் அப்போதுதான் அந்த வரியை நம்பினார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் யாரையும் வெளியே அனுப்பவில்லை. மிச்சமான ஆட்களைப் பயிற்சிக்கும், கைசன் என்கிற சின்னச் சின்ன மேம்பாட்டு வேலைகளுக்கும் திருப்பிவிட்டார்கள். இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் செய்ய வழி கண்டுபிடித்தால் அந்த இரண்டாவது ஆள் என்ன ஆவான் என்ற கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. நம் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதுகூட இல்லை.

இருநூறு பேர் உள்ள கம்பெனி வாழ்நாள் உத்தரவாதம் தர முடியுமா? முடியாது, தரவும் வேண்டாம். ஆனால் இரண்டு வரி எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம். தொழிலாளி சொன்ன யோசனையால் எண்ணிக்கை கூடினால் இத்தனை மாதத்துக்கு அவர் ரேட்டைத் தொட மாட்டோம். யோசனையால் மிச்சமாகும் ஆளை வேறு வேலைக்கு மாற்றுவோம், நீக்க மாட்டோம். மாத எண்ணிக்கையை ஆறோ பன்னிரண்டோ, முதலாளியால் தாங்க முடிகிற அளவில் வைக்கலாம். எழுதியதை முதல் சோதனையிலேயே காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் இதற்கு ஆகும் செலவு.

சரி, இப்போது பரிசுத் திட்டத்துக்கு வருவோம். டொயோட்டாவின் எய்ஜி டொயோடா 1950-இல் அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையில் சஜஷன் முறையைப் பார்த்துவிட்டு வந்தார். 1951-இல் தங்கள் ஆலையில் அதைத் தொடங்கினார்கள். 1980களில் வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் யோசனைகள் வந்தன, அவற்றில் பெரும்பாலானவற்றைச் செயல்படுத்தவும் செய்தார்கள். கொடுத்த தொகையோ பெரும்பாலும் சில நூறு யென்தான். இந்தத் தொகையைப் பார்த்துவிட்டு ஜப்பானியர்கள் பணத்துக்கு ஆசைப்படாதவர்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். 1950-இல் பெரிய வேலைநிறுத்தமும் ஆட்குறைப்பும் நடந்து நிறுவனர் கீச்சிரோ டொயோடா பதவி விலகிய ஆலை அது. அதன்பிறகு நிர்வாகம் வேலைப் பாதுகாப்பைக் கையிலெடுத்தது. அப்புறம்தான் சிறிய பரிசு போதுமானதாக ஆனது. யோசனையில் பெரும்பகுதியைச் செயல்படுத்தினார்கள் என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: அவை சின்னச் சின்ன யோசனைகள், சூப்பர்வைசர் அளவிலேயே சரி சொல்லக்கூடியவை.

நம் ஊரில் பெட்டி தோற்பது பெரும்பாலும் இங்கேதான். மாதம் ஒருமுறை கமிட்டி கூடும், வருடம் ஒருமுறை பரிசு. நடுவில் எழுதிப் போட்டவருக்கு ஒரு பதிலும் வராது. மூன்று மாதம் கழித்து ஒருவர், "சார், அந்த லைட் விஷயம் என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு அதன்பின் எழுதவே மாட்டார். அதனால் பரிசுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை எடுத்துச் சூப்பர்வைசர் கையில் கொடுங்கள். ஐயாயிரம் ரூபாய்க்குள் ஆகும் மாற்றத்துக்கு அவரே ஒரு வாரத்துக்குள் ஆமாம் அல்லது இல்லை சொல்லட்டும். இல்லை என்றால் ஏன் இல்லை என்று நேரில் சொல்லட்டும். எல்லோருக்கும் ஒரே சிறு தொகை, அதுவும் உடனே. சிறந்த யோசனை, இரண்டாவது சிறந்த யோசனை என்று போட்டி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பத்துப் பேரைத் தோற்றவர்களாக்கும்.

பணம் எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்பதற்கு சாம் குளுக்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1962-இல் செய்த சோதனை நல்ல துப்பு. ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பெட்டி நிறைய ஆணிகள், தீப்பெட்டி. மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்தி ஏற்ற வேண்டும். ஆணிப் பெட்டியைக் காலி செய்து அதையே தாங்கியாகச் சுவரில் அடிக்கலாம் என்று தோன்றுவதுதான் விடை. பணப் பரிசு சொல்லப்பட்டவர்கள் இந்த விடைக்கு வர மற்றவர்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். அதே பெட்டியைக் காலியாக, ஆணிகளைத் தனியாகக் கொடுத்தபோது பணத்துக்காகச் செய்தவர்கள்தான் வேகமாக முடித்தார்கள். வழி தெரிந்த வேலைக்குப் பணம் வேகம் தரும். வழியே தெரியாத இடத்தில் அது கண்ணை ஒரே பக்கம் கட்டிவிடும். சஜஷன் பெட்டிக்கு வருபவை பெரும்பாலும் முதல் வகை, அதனால் சிறு பரிசு நல்லதே. புது மோட்டார் வடிவமைக்கும் நால்வருக்கு முன்னால் பெரிய தொகையைத் தொங்கவிடுவது இரண்டாம் வகை.

இனி நேரம் ஒதுக்கும் வழி. 3எம் நிறுவனம் 1948-இலிருந்து தொழில்நுட்ப ஊழியர்களுக்கு 15 சதவீத நேரத்தைத் தங்கள் சொந்த ஆராய்ச்சிக்கு விட்டது. ஒட்டிப் பிரிக்கும் குறிப்புத் தாளின் கதை எல்லோருக்கும் தெரியும். ஸ்பென்சர் சில்வர் 1968-இல் கண்டுபிடித்த பலவீனமான பசைக்கு 1974-இல் ஆர்ட் ஃப்ரை உபயோகம் கண்டார், 1980-இல்தான் அது அமெரிக்கா முழுவதும் கடைக்கு வந்தது. பன்னிரண்டு வருடம்! அந்தப் பொறுமையைத்தான் 15 சதவீதத்தோடு சேர்த்து வாங்க வேண்டும். கூகுள் 20 சதவீத நேரத்தை 2004-இல் பங்கு வெளியிட்டபோது நிறுவனர்கள் எழுதிய கடிதத்திலேயே பெருமையாகக் குறிப்பிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த கிருஷ்ண பரத், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப்பின் செய்திகளை ஒன்றாகத் திரட்டிப் பார்க்க உருவாக்கிய கருவிதான் அப்படிக் கூகுள் நியூஸ் ஆனது.

ஷாப் ஃப்ளோருக்கு இது பொருந்தாது. வாரம் 48 மணி நேரத்தில் 15 சதவீதம் என்றால் ஏழு மணி நேரத்துக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு ஷிப்ட். இருநூறு பேருக்கும் கொடுத்தால் முப்பது பேர் சம்பளம். டிசைன், டூல் ரூம், மெயின்டனன்ஸ் ஆகியவற்றில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் கொடுத்தால் தாங்கும், பலனும் அங்கேதான் அதிகம். ஆனால் தேதி போட்டுக் கொடுக்க வேண்டும், உதாரணமாக வெள்ளிக்கிழமை மதியம் டூல் ரூமில் டிஸ்பாட்ச் வேலை எடுக்கக் கூடாது என்று. "நேரம் கிடைக்கும்போது செய்யுங்கள்" என்று சொன்னால் மாதக் கடைசி நெருக்கடி அதைத் தின்றுவிடும்.

3எம்மிலேயே இந்த முறை ஆட்டம் கண்டது. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்து வந்த ஜேம்ஸ் மெக்னெர்னி 2001-இல் தலைமையேற்றதும் சுமார் 8,000 பேரைக் குறைத்தார், குறைகளை அளந்து குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறையை ஆராய்ச்சிக் கூடம் வரை கொண்டுபோனார். லாபம் கூடியது, செலவு குறைந்தது. ஆனால் முதல் நாளே சந்தை அளவு, வருமானக் கணக்கு எல்லாம் கேட்கும் படிவங்களுக்கு நடுவில் புது ஆராய்ச்சி திணறியது என்ற குறை எழுந்தது. அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி ஆராய்ச்சிக் கூடத்தில் அந்தக் கெடுபிடியைத் தளர்த்தினார். உற்பத்தி லைனில் அதே சிக்ஸ் சிக்மா நன்றாகவே வேலை செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே கம்பெனிக்குள் எல்லாத் துறைக்கும் ஒரே எச்.ஆர். விதியா என்று யோசிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மூன்றாவது அப்ரைசல். இதில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்து 'புதுமை: 10 மதிப்பெண்' என்று போடுவதுதான் எளிது. அதைச் செய்வதைவிட, இருக்கும் அப்ரைசலில் எது யோசனையைக் கொல்கிறது என்று பார்த்து அதை எடுப்பது மேல். மைக்ரோசாஃப்ட் பல வருடம் ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று கட்டாயமாகத் தரம் பிரித்தது. திறமைசாலிகள் ஒரே குழுவில் சேர மறுத்தார்கள், தெரிந்ததைப் பக்கத்து ஆளுக்குச் சொல்லத் தயங்கினார்கள். 2013 நவம்பரில் அந்த முறையைக் கைவிட்டார்கள். நம் கம்பெனிகளில் பெல் கர்வ் என்ற பெயரில் அது இன்னும் இருக்கிறது. இருபது பேர் உள்ள துறையில் இரண்டு பேரையாவது கீழே தள்ளியே ஆக வேண்டுமென்றால், தோற்கக்கூடிய ஒரு முயற்சியில் இறங்க யாருக்குத் துணிச்சல் வரும்?

குஸ்தாவோ மான்சோ, ஃபுளோரியன் எடரர் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் நேரடியாக உதவுகிறது. கணினியில் ஒரு எலுமிச்சை ஜூஸ் கடையை 20 சுற்று நடத்த வேண்டும். இடம், விலை, கலவை எல்லாம் நீங்களே முடிவுசெய்யலாம். ஒரு பிரிவுக்கு நிலையான சம்பளம், இன்னொரு பிரிவுக்கு எல்லாச் சுற்றுகளின் லாபத்திலும் பங்கு, மூன்றாவது பிரிவுக்குக் கடைசிப் பத்துச் சுற்று லாபத்தில் மட்டும் பங்கு. மூன்றாவது பிரிவினர்தான் அதிகம் தேடினார்கள், நல்ல இடத்தையும் கலவையையும் கண்டுபிடித்தார்கள். ஆரம்பத்தில் தோற்றால் நஷ்டமில்லை, கடைசியில் வென்றால் லாபம் என்ற அமைப்பு அது. சரியாகச் செய்யாவிட்டால் வேலை போகும் என்ற மிரட்டலைச் சேர்த்தபோது தேடல் குறைந்தது.

இதை அப்ரைசலாக மாற்றுவது கடினமில்லை. புது முயற்சியில் இருப்பவருக்கு முதல் வருடம் முடிவை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். என்ன முயன்றார், என்ன கற்றார், எழுதி வைத்தாரா என்று பாருங்கள். இரண்டாம் வருடம் முடிவைக் கேளுங்கள். டாடா குழுமம் தன் 'இன்னோவிஸ்டா' போட்டியில் 'டேர் டு டிரை' என்று தோற்ற நல்ல முயற்சிகளுக்கே ஒரு பரிசு வைத்திருப்பது இந்த எண்ணத்தில்தான். இருநூறு பேர் கம்பெனிக்கு விழா தேவையில்லை. இன்கிரிமென்ட் கடிதம் கொடுக்கும் நாளில், தோற்ற முயற்சிக்காக யாருடைய தொகையும் குறையவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தால் போதும்.

அப்ரைசல் படிவத்தைவிடச் சூப்பர்வைசர் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏமி எட்மண்ட்சன் 1999-இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்தார். தெரியாததைக் கேட்கவும் தப்பை ஒப்புக்கொள்ளவும் பயமில்லாத குழுக்களே அதிகம் கற்றுக்கொண்டன. அந்தப் பயத்தை வைப்பதும் எடுப்பதும் முதல்நிலை மேற்பார்வையாளர். ரிஜெக்‌ஷன் வந்ததும் "யார் பண்ணது?" என்று கேட்கும் ஆளையே யோசனை வாங்கவும் நிறுத்தினால் அது நடக்காது. நல்ல டர்னர் என்பதற்காகச் சூப்பர்வைசராக்கும் பழக்கத்தை இங்கே மறுபரிசீலனை செய்தே ஆக வேண்டும்.

பெரிய கண்டுபிடிப்புக்குப் பங்கு தருவது பற்றிச் சுருக்கமாக. பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கிய சுஜி நகமுராவுக்கு நிச்சியா நிறுவனம் காப்புரிமைக்காகக் கொடுத்தது 20,000 யென். அவர் வழக்குப் போட்டார். 2004-இல் டோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கச் சொன்னது, 2005-இல் மேல்முறையீட்டில் சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. 2014-இல் அவர் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். ஜெர்மனியில் ஊழியர் கண்டுபிடிப்புக்கு ஊதியம் தர 1957-இலேயே தனிச் சட்டம் உண்டு. நம்முடைய 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை, நியமன ஒப்பந்தத்தில் எழுதியதுதான். எனவே டிசைன் ஆட்களின் ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு பத்தி இப்போதே எழுதிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. இன்னோவேஷன் தினம், ஹேக்கத்தான், செயலி இவையெல்லாம் பணம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, என் வரிசை இது. பீஸ் ரேட்டோ இன்சென்டிவோ உள்ள ஷாப் என்றால் முதலில் ரேட் வாக்குறுதி, கூடவே ஒரு வாரத்தில் பதில் சொல்லும் சூப்பர்வைசர். இரண்டும் சேர்ந்து ஓடினால்தான் மூன்றாவது மாதத்திலிருந்து சின்னப் பரிசு. மாதச் சம்பளக்காரர்கள் அதிகம் உள்ள இடமென்றால் பெல் கர்வை எடுப்பதில் தொடங்கலாம். சொந்த டிசைன் உள்ள கம்பெனிக்கு மட்டும் டூல் ரூம் நேரம். வாடிக்கையாளர் கொடுத்த டிராயிங்படி ஜாப் வொர்க் மட்டும் செய்கிறவர்களுக்கு அந்த நேரத்தால் பெரிய பலன் வராது. அவர்களுக்கு ஃபிக்ஸ்சர், மாட்டிக் கழற்றும் நேரம், ஸ்கிராப் இவற்றில்தான் காசு இருக்கிறது, அது ஆபரேட்டரிடம் இருக்கிறது.

கடைசியாக, முதலாளிகள் கேட்க விரும்பாத ஒன்று. ஷாப்பில் பாதிப் பேர் காண்ட்ராக்ட் ஆட்கள் என்றால் மேலே சொன்ன வாக்குறுதி அவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். பல இடங்களில் மெஷினைத் தினமும் ஓட்டுவது அவர்கள்தான், அதன் குறையும் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் சஜஷன் படிவத்தில் ஊழியர் எண் கேட்கிறோம், அவர்களுக்கு அந்த எண்ணே கிடையாது. காண்ட்ராக்டரோடு போடும் ஒப்பந்தத்திலேயே அவருடைய ஆட்களின் யோசனைக்கும் அதே தொகை, அதே பதில் கெடு, யோசனை செயல்படுத்தப்பட்டால் நிரந்தர வேலைக்கு முன்னுரிமை என்று எழுதிவிடலாம். ஒதுக்கிய பணத்தில் இதற்கு ஆகும் பங்கு மிகச் சிறியதுதான், இந்த வருடமே செய்யலாம்.